பற்றரியை மாற்றும் உரிமை யாருக்கு?

விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு உரிமையாளர் யார் என்று கேட்டால், இதுவும் ஒரு கேள்வியா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். ஆனால் இன்று எமது சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கின்ற இலத்திரனியல் கருவிகளுள் பெரும்பாலானவற்றை நாமாகத் திறந்து பார்க்க முடியாது. கைத்தொலைபேசி, காதில் செருகிப் பாட்டுக் கேட்கும் சிறு கருவி, மின்சாரப் பற்தூரிகை, புகைப்போர் கையிலுள்ள ஆவியாக்கும் கருவி என எல்லாவற்றினுள்ளும் ஒரு பற்றரி வைத்து மூடப்பட்டிருக்கின்றது. அப்பற்றரி தளர்ந்துபோகும் நாளில், மற்றெல்லா உறுப்புகளும் நன்றாக இருந்தபோதிலும், கருவி குப்பைக்குப் போகின்றது. அந்த நாளைத் தீர்மானித்தவர் அதை வாங்கியவர் அல்லர், செய்து விற்றவர்.

இந்த நிலைமைக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தை இயற்றியது. கையில் எடுத்துச்செல்லும் கருவிகளிலுள்ள பற்றரியை, சில விதிவிலக்குகள் தவிர, கடையில் கிடைக்கும் சாதாரண உபகரணங்களைக் கொண்டு பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறது அச்சட்டம். ஒரு மாதிரியின் கடைசிக் கருவி சந்தைக்கு விடப்பட்ட பின்னரும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மாற்றுப் பற்றரி நியாயமான விலையில் கிடைக்கவேண்டும் என்றும், மாற்றுப் பற்றரியை ஏற்க மறுக்கும்படி மென்பொருளால் தடைபோடக் கூடாது என்றும் அது மேலும் விதிக்கிறது. இவ்விதி நடைமுறைக்கு வரும் நாளாக 2027 பெப்ரவரி 18 குறிக்கப்பட்டுள்ளது.

தொழில்நுட்பம் அறிந்தோரின் விவகாரம் என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. ஒரு பொருளின் ஆயுளை யார் தீர்மானிப்பது என்பதே இங்குள்ள கேள்வி. அக்கேள்வி வசதி படைத்த நாடுகளில் வாழ்பவர்களைவிட எம்போன்ற நாடுகளில் வாழ்பவர்களையே அதிகம் பாதிக்கின்றது.

பற்றரி என்பது என்ன?

இன்று எல்லாக் கருவிகளிலும் இருப்பது லிதியம்-அயன் பற்றரி. 1991 ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் அதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹாம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எடை குறைந்த, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய இந்தப் பற்றரி இல்லையேல் இன்றைய கைத்தொலைபேசியும் இல்லை, மின்சாரக் காரும் இல்லை. அதன் பெருமையை எவரும் மறுக்கப்போவதில்லை.

ஆனால் அதற்கு இயல்பிலேயே ஒரு குறைபாடு உண்டு. மின்னேற்றி இறக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் உள்ளே மீளமுடியாத சிறு சிறு இரசாயன மாற்றங்கள் நிகழ்கின்றன. சில நூறு தடவைகளுக்குப் பின்னர் அதன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகின்றது. வெப்பம் இத்தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது. வெயில் கொளுத்தும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஒரு பற்றரி ஒஸ்லோவில் இருப்பதைப்போல நெடுங்காலம் உழைக்காது. பாவித்தாலும் தேயும், பாவிக்காமல் வைத்தாலும் தேயும்.

அப்படியானால் பற்றரி என்பது வாகனத்தின் ரயரைப் போன்றது, தேய்வதற்காகவே உள்ளது. ரயர் தேய்ந்தால் ரயரை மாற்றுகிறோம், வாகனத்தை அல்ல. ரயரைச் சில்லுடன் உருக்கி ஒட்டி, தேய்ந்ததும் புதிய வாகனம் வாங்குங்கள் என்று ஒரு கம்பனி சொன்னால் அதன் வாகனத்தை யார் வாங்குவார்? கைத்தொலைபேசி விடயத்தில் மட்டும் அதே யோசனையை உலகம் முழுவதும் வாய்திறவாமல் ஏற்றுக்கொண்டது எவ்வாறு?

எப்படி மூடினார்கள்?

எம்போன்ற பத்திரிகையாளர்கள் ஒருகாலத்தில் கொண்டு திரிந்த ஒலிப்பதிவுக் கருவிக்கு இரண்டு பென்ரோர்ச் பற்றரிகள் போதும். பேட்டியின் நடுவே நாடா மெதுவாகச் சுழலத் தொடங்கினால் சந்தியிலுள்ள பெட்டிக்கடைக்கு ஒருவரை அனுப்பி இரண்டு பற்றரி வாங்கிவரச் செய்யலாம். எந்தக் கம்பனியின் கருவியாயினும் எந்தக் கம்பனியின் பற்றரியும் அதற்குப் பொருந்தும். அந்தப் பொதுத்தன்மையை யாரும் அன்று பெரிய உரிமையாகக் கருதவில்லை. இழந்தபின்னரே அதன் அருமை தெரிகின்றது.

மூடும் வழக்கத்தைப் பரவலாக்கியதில் அப்பிள் நிறுவனத்திற்குப் பெரும் பங்குண்டு. அதன் ஐபொட் பாட்டுப்பெட்டியின் பற்றரியைப் பாவனையாளர் மாற்ற முடியாது. 2003 ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த நைஸ்ரற் சகோதரர்கள் இதனைக் கண்டித்து ஒரு குறும்படம் எடுத்து இணையத்தில் வெளியிட்டனர். அவ்வாண்டின் இறுதியில் 99 டொலருக்குப் பற்றரி மாற்றிக்கொடுக்கும் திட்டத்தை அப்பிள் அறிமுகம் செய்தது. 2007 இல் ஐபோன் வந்தபோது அதன் பற்றரியும் மூடப்பட்டே வந்தது. ஏனைய கம்பனிகள் முதலில் இதனைக் கேலிசெய்தன. பின்னர் ஒவ்வொன்றாக அதே வழியில் சென்றன. 2014 இல் வெளிவந்த சாம்சுங்கின் கலக்சி எஸ் 5 இல் பின்மூடியை நகத்தால் கழற்றிப் பற்றரியை எடுக்கலாம். அடுத்த ஆண்டு வந்த எஸ் 6 இல் அது முடியாது.

உற்பத்தியாளர் தரப்பு நியாயங்களையும் சொல்லத்தான் வேண்டும். மூடி, பூட்டு, பற்றரிக்கெனத் தனிக் கவசம் ஆகியவை இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றை நீக்கினால் கருவி மெலியும், அல்லது அதே இடத்தில் பெரிய பற்றரி வைக்கலாம். கருவிக்குள் நீரும் தூசும் புகாமல் தடுப்பது எளிது. தரமற்ற போலிப் பற்றரிகளைப் போட்டு விபத்தைத் தேடிக்கொள்வதும் குறையும். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் முழு உண்மை அதுவன்று. மேலே சொன்ன எஸ் 5 ஒரு மீற்றர் ஆழ நீரில் அரைமணிநேரம் தாக்குப்பிடிக்கும் தரச்சான்று பெற்றிருந்தது. கழற்றக்கூடிய மூடியின் விளிம்பில் ஓர் இறப்பர் வளையம் அதற்குப் போதுமானதாக இருந்தது. நீர் புகாமைக்கு மூடி ஒட்டுவது வசதியான வழியே தவிர ஒரே வழி அன்று.

பாதுகாப்பு என்ற வாதத்தைச் சோதிக்க இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2007 ஓகஸ்டில் நொக்கியா நிறுவனம், மற்சுசிற்றா கம்பனி தனக்குச் செய்துகொடுத்த பிஎல்-5சி வகைப் பற்றரிகளில் 4 கோடியே 60 இலட்சம் பற்றரிகள் அளவுமீறிச் சூடாகக்கூடும் என்று எச்சரித்தது. பாவனையாளர் என்ன செய்தனர்? பின்மூடியைத் திறந்து இலக்கத்தைப் பார்த்தனர். பழுதான தொகுதியைச் சேர்ந்ததாயின் பற்றரியை மட்டும் இலவசமாக மாற்றிக்கொண்டனர். தொலைபேசி தொடர்ந்து பேசியது. 2016 இல் சாம்சுங்கின் கலக்சி நோட் 7 தீப்பற்றத் தொடங்கியது. காரணம் பற்றரியே என்று 2017 ஜனவரியில் அந்நிறுவனமே அறிவித்தது. ஆனால் பற்றரி மூடப்பட்டிருந்ததால் இலட்சக்கணக்கான முழுத் தொலைபேசிகளையே மீளப்பெற வேண்டியதாயிற்று. மாற்றிக்கொடுத்த தொலைபேசிகளும் எரிந்தன. ஈற்றில் அந்த மாதிரியே கைவிடப்பட்டது. பழுதான பற்றரியைக் கழற்றி எறியமுடியாத கருவி பாதுகாப்பானது என்று கூறுவது வியப்புக்குரியது.

இரு வகையும் அருகருகே

பற்றரி மூடப்பட்ட வகையும் மாற்றக்கூடிய வகையும் இன்றும் ஒரே சந்தையில் போட்டியிடும் துறை ஒன்றுண்டு. உலர்ந்த இலைகளையோ திரவத்தையோ எரிக்காமல் சூடாக்கி ஆவியை உள்ளிழுக்கும் கருவிகளே அவை. அவற்றைப் புகழ்வது எனது நோக்கமன்று. புகைத்தல் எந்த வடிவில் வந்தாலும் அதனைப் பரிந்துரைப்பவன் நானல்லன். ஆயினும் எமது கேள்விக்கு அத்துறை நல்ல பாடம் தருகின்றது.

அக்கருவிகளில் ஒரு பகுதி 18650 எனப்படும் மின்கலத்தில் இயங்குகின்றது. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். பெயரே அளவைச் சொல்லும். ரோர்ச் லைற்றிலும் மடிகணினிப் பற்றரியின் உள்ளேயும் இருப்பது இதுவே. 2008 இல் வந்த முதலாவது ரெஸ்லா மின்சாரக் கார் இத்தகைய 6,831 மின்கலங்களில் ஓடியது. இவ்வளவு பொதுவான மின்கலத்தைக் கொண்ட கருவிக்குப் பத்தாண்டுகள் கழித்தும் மாற்று மின்கலம் கிடைக்கும். வேறு சில கருவிகளிலோ இதே 18650 மின்கலம் உள்ளே பொருத்தி மூடப்பட்டுள்ளது. ஜேர்மனியின் ரூற்லிங்கன் நகரில் தயாராகும் பெயர்பெற்ற மைற்றி என்ற கருவியினுள் இருப்பவை இரண்டு 18650 மின்கலங்களே. கடையில் கிடைக்கும் மின்கலமே உள்ளே இருக்கிறது. கையால் எடுத்து மாற்றத்தான் வழியில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. உறையற்ற 18650 மின்கலத்தைச் சாவிக்கொத்தும் நாணயங்களும் உள்ள காற்சட்டைப் பையில் போட்டால் இரு முனைகளும் இணைந்து நொடிகளில் தீப்பற்றும். அமெரிக்க அரசின் தீயணைப்பு நிர்வாகம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை அந்நாட்டில் நிகழ்ந்த இலத்திரனியல் சிகரெட் தீவிபத்துகளும் வெடிப்புகளுமாக 195 சம்பவங்களைப் பதிவுசெய்தது. 133 பேர் காயமடைந்திருந்தனர். 2018 இல் புளோரிடாவிலும் 2019 இல் ரெக்சாசிலும் கருவி வெடித்து இருவர் உயிரிழந்தனர். மேலதிக லிதியம் பற்றரிகளைச் சரக்குப் பொதியில் வைக்காமல் கைப்பையில், முனைகளை மூடியே எடுத்துவரவேண்டும் என்று விமான நிறுவனங்கள் கூறுவது இதனால்தான்.

ஆகவே, வெறும் மின்கலத்தை எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் நொக்கியாவின் பற்றரி வெறும் மின்கலம் அன்று. அது உறையிடப்பட்டது, தவறான பக்கமாகச் செருக முடியாதது, அதன் முனைகள் உள்வாங்கி இருந்தன. கோடிக்கணக்கானோர் அதனைச் சட்டைப்பையில் கொண்டு திரிந்தனர். திறந்த மின்கலத்தின் ஆபத்துக்கு உரிய பரிகாரம் நல்ல உறை. பாவனையாளரை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டுவதன்று.

மூடும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் அதே துறை காட்டியது. பிரித்தானியாவில் 2023 ஆம் ஆண்டில் ஒருமுறை பாவித்து எறியும் வேப் கருவிகள் வாரமொன்றுக்கு ஏறத்தாழ 50 இலட்சம் வீசப்படுவதாக மதிப்பிடப்பட்டது. அவை ஒவ்வொன்றினுள்ளும் ஒரு லிதியம் மின்கலம். அந்த மின்கலங்களை எடுத்துச் சோதித்த லண்டன், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவற்றை 450 தடவைகளுக்கு மேல் மின்னேற்றிப் பாவிக்கலாம் என்று கண்டனர். நூற்றுக்கணக்கான தடவை உழைக்கக்கூடிய ஒன்றை ஒரே தடவை பாவித்து எறிந்துகொண்டிருந்தார்கள். குப்பை வண்டிகளில் நசுங்கி அவை தீப்பற்றின. 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியா அவற்றின் விற்பனையைத் தடைசெய்தது.

29 டொலர் சொன்ன உண்மை

பற்றரியை மூடுவதனால் கம்பனிகளுக்கு வருமானம் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் உண்டா என்று கேட்போருக்கு ஒரு சம்பவம். பற்றரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளால் குறைத்திருந்ததாக அப்பிள் 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டது. பற்றரி தாங்காமல் தொலைபேசி திடீரென நின்றுவிடுவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கம் கூறியது. ஆனால் பாவனையாளருக்கு அதனைச் சொல்லியிருக்கவில்லை. தொலைபேசி பழசாகிவிட்டது என்று எண்ணிப் பலர் புதியது வாங்கியிருப்பர். இதற்காகப் பிரான்ஸ் 2020 இல் 2 கோடியே 50 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது.

மன்னிப்பாக அப்பிள் 2018 ஆம் ஆண்டு முழுவதும் பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. விளைவு என்ன? 2019 ஜனவரியில் அதன் தலைவர் ரிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புதிய ஐபோன் விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு வராமைக்கான காரணங்களுள் ஒன்றாக மலிவான பற்றரி மாற்றத்தையும் குறிப்பிட்டிருந்தார். இதற்கு மேலும் ஒரு சாட்சி வேண்டியதில்லை. மலிவாகப் பற்றரி மாற்ற முடிந்தால் மக்கள் பழைய தொலைபேசியையே வைத்துக்கொள்கிறார்கள். அதனை அறிந்தவர்கள் பூட்டை இலகுவில் திறப்பார்களா?

தடைக்காலம் கற்பித்த பாடம்

பற்றரியின் அருமையை இலங்கையின் வடபகுதித் தமிழருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது வடக்கிற்குக் கொண்டுசெல்ல அரசாங்கம் தடைவிதித்த பொருட்களுள் பற்றரியும் ஒன்று. மின்சாரமும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்த காலம் அது. தீர்ந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒருநாள் உழைக்கச் செய்தார்கள். அதுவும் முடிந்தபோது சைக்கிளின் டைனமோவை வானொலியுடன் தொடுத்து, ஒருவர் மிதிக்க, ஏனையோர் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸும் கேட்டார்கள்.

அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அது எதனால் சாத்தியமாயிற்று என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த வானொலியின் பின்மூடி திறந்தது. பற்றரி வைக்கும் இடத்தில் நேர்முனையும் எதிர்முனையும் கண்ணுக்குத் தெரிந்தன. எத்தனை வோல்ற் வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று அந்த வானொலி கேள்வி கேட்கவில்லை. பசையிட்டு மூடிய, பற்றரியின் தொடரிலக்கத்தை மென்பொருள் சரிபார்க்கும் இன்றைய கருவி ஒன்று அன்று எங்கள் கையில் இருந்திருந்தால், பற்றரி செத்த அன்றே வெளியுலகச் செய்தியும் செத்திருக்கும்.

போர் 2009 இல் முடிந்தது. தட்டுப்பாடு அதனுடன் முடியவில்லை. 2022 இல் அந்நியச் செலாவணி தீர்ந்து, டொலரின் பெறுமதி சில வாரங்களில் 200 ரூபாவிலிருந்து 300 ரூபாவைத் தாண்டி, நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நீடித்த வேளையில், புதிய தொலைபேசி வாங்குவது நாடு முழுவதிலும் நடுத்தரக் குடும்பங்களுக்கே எட்டாக்கனியானது. ஒன்லைன் வகுப்புக்கும் வெளிநாட்டிலுள்ள பிள்ளையுடன் பேசுவதற்கும் இருந்த ஒரே கருவியின் பற்றரி அரைநாள் தாங்காதபோது, அதை மாற்றுவது எவ்வளவு இலகு என்பது வீட்டின் அன்றாடப் பிரச்சினையாகிவிடுகின்றது.

அண்மையில் கொழும்பில் ஒரு திருத்தகத்தில், நன்றாக இயங்கும் எனது தொலைபேசிக்குப் பற்றரி மாற்றவேண்டும் என்று கேட்டேன். கண்ணாடியைச் சூடாக்கிக் கழற்றவேண்டும், கழற்றும்போது திரை உடைந்தால் தாங்கள் பொறுப்பல்ல, பேசாமல் புதியது எடுங்கள் ஐயா என்றார் அங்கிருந்த இளைஞர். அவரில் குற்றமில்லை. கண்ணாடியை உடைக்காமல் திறக்கமுடியாதபடி அதனைச் செய்தவர் வேறெங்கோ இருக்கிறார்.

வெளிநாடுகளில் வாழும் எமது உறவினர் பழைய தொலைபேசிகளை ஊருக்குக் கொண்டுவருவது வழக்கம். இரண்டு மூன்று ஆண்டுகள் பாவித்த அக்கருவி வந்து சேரும்போதே பற்றரி அரைவாசி தேய்ந்திருக்கும். முதலாவது உரிமையாளரை மனதிற்கொண்டு செய்யப்பட்ட கருவியின் துன்பம் இரண்டாவது உரிமையாளர் தலையில் விழுகின்றது. அவரும் கைவிட்டபின் அது எங்கள் குப்பைமேட்டிற்குத்தான் போகின்றது. 2022 ஆம் ஆண்டில் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவை உருவாக்கியது என்றும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது.

என்ன செய்யலாம்?

ஐரோப்பியச் சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. கைத்தொலைபேசிகளுக்கென 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த மற்றொரு ஐரோப்பிய விதி ஒரு வாசலைத் திறந்தே வைத்துள்ளது. 1,000 தடவை மின்னேற்றிய பின்னரும் பற்றரியில் 80 சதவீதக் கொள்ளளவு எஞ்சியிருந்து, கருவி நீரையும் தாங்குமாயின், பாவனையாளரே மாற்றக்கூடியதாக அதனை அமைக்கவேண்டியதில்லை. நீடித்து உழைக்கும் பற்றரியைக் கோருவது நல்லதே. ஆனால் நாளுக்கு ஒருமுறை மின்னேற்றினால் 1,000 தடவை என்பது மூன்று ஆண்டுகள்கூட இல்லை. அதன் பின்னர்? கருவியின் ஏனைய உறுப்புகள் பத்தாண்டு உழைக்கக்கூடியவையாயிற்றே.

நெதர்லாந்தின் ஃபெயார்போன் நிறுவனம் கையால் கழற்றக்கூடிய பற்றரியுடன் நவீனத் தொலைபேசி செய்ய முடியும் என்பதைப் பல ஆண்டுகளாகக் காட்டிவருகின்றது. முடியாது என்ற சொல்லுக்கு இனி இடமில்லை. விருப்பமில்லை என்பதே சரி.

இலங்கை போன்ற சிறிய சந்தை உலகக் கம்பனிகளுக்கு உத்தரவிட முடியாதுதான். ஆனால் இறக்குமதி செய்பவருக்கு நிபந்தனை விதிக்க முடியும். விற்கும் மாதிரி ஒவ்வொன்றுக்கும் மாற்றுப் பற்றரியை இத்தனை ஆண்டுகள் நாட்டில் வைத்திருக்க வேண்டும், மாற்றும் கட்டணத்தை விற்கும்போதே எழுதிக்கொடுக்க வேண்டும் என்ற இரண்டு விதிகள் போதும். அவற்றைக் கோரவேண்டியவர்கள் பாவனையாளராகிய நாமே.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த தடவை ஒரு கருவியை வாங்கும்போது அதன் திரை எவ்வளவு பெரியது, படம் எவ்வளவு தெளிவு என்று கேட்பதற்கு முன்னர், இதன் பற்றரி போனால் யார் மாற்றுவார், எவ்வளவு செலவாகும் என்று கடைக்காரரைக் கேளுங்கள். பெரும்பாலும் அவரிடம் பதில் இராது. நூறு பேர் கேட்டால் அவர் இறக்குமதியாளரைக் கேட்பார். திறக்கமுடியாத பெட்டியைப் பணம் கொடுத்து வாங்குபவர் பொருளை வாங்கவில்லை, வாடகைக்கே எடுக்கிறார். அந்த வாடகைக்காலம் எப்போது முடியும் என்பதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.